கணக்கைக் காட்டு!

சர்க்கார் கமிஷன் அனுப்பும் சம்மனுக்கு எவ்வளவு பலம்? அமெரிக்காவில் 130 ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் வழக்கு

காலைத் தபாலில் ஒரு கவர் வருகிறது. கம்பெனிக் காரியதரிசி அதைப் பிரித்துப் பார்க்கிறார். அனுப்பியது போலீஸ் அல்ல, கோர்ட்டும் அல்ல. வாஷிங்டன் நகரில் உள்ள ஒரு சர்க்கார் கமிஷன். "இன்ன வருஷம் முதல் இன்ன வருஷம் வரை உங்களுடைய பேரேடுகள், கடிதப் போக்குவரத்து, விலைப் பட்டியல்கள் ஆகியவற்றை இன்ன தேதியில், இன்ன இடத்தில், இன்ன அதிகாரி முன்பாக ஆஜர் செய்ய வேண்டும்" என்று அதில் கண்டிருக்கிறது.

கம்பெனி குற்றம் செய்ததாக அந்தக் கடிதம் சொல்லவில்லை. யார் புகார் கொடுத்தார்கள் என்றும் சொல்லவில்லை. "காட்டு" என்கிறது, அவ்வளவுதான்.

காரியதரிசி அந்தக் கடிதத்தைக் கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டால் என்ன ஆகும்? மறுநாளே கைவிலங்கோடு ஆட்கள் வருவார்களா? ஆபீசுக்குப் பூட்டுப் போடுவார்களா?

அதுதான் இல்லை! அன்றைக்கு ஒன்றுமே நடக்காது. சம்மன் அனுப்பிய கமிஷனுக்கு ஒரு டாலர் அபராதம் போடவோ, ஒருவரை ஒரு நாள் சிறையில் வைக்கவோ சொந்தமாக அதிகாரம் கிடையாது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டும் என்பார்களே, அந்தக் கதைதான். கமிஷன் கேட்டாலும் கோர்ட்டு சொன்னால்தான் கட்டாயம்.

அப்படியானால் பெரிய பெரிய முதலாளிகள்கூட அந்தக் காகிதத்தைக் கண்டு வக்கீல் வீட்டுக்கு ஓடுவானேன்? அதற்குப் பின்னால் ரெயில் முதலாளி, உப்பு வியாபாரி, செருப்புத் தொழிற்சாலை, பத்திரிகைக்காரர் என்று பலரும் வந்துபோகும் ஒரு சுவையான சரித்திரம் இருக்கிறது.

வாய் திறக்காத கோடீசுவரர்

1887-ம் ஆண்டு. லேலண்டு ஸ்டான்போர்டு என்றால் கலிபோர்னியாவில் அறியாதவர் இல்லை. ராஜ்யத்தின் மாஜி கவர்னர். அப்போது அமெரிக்க ஸெனட் சபை அங்கத்தினர். சென்டிரல் பசிபிக் ரெயில்வேயின் அதிபர். மாண்டுபோன தம் ஒரே மகனின் ஞாபகார்த்தமாக அவர் நிறுவிய பல்கலைக் கழகத்தால் இன்றும் உலகம் முழுவதும் தெரிந்த பெயர்.

அந்த ரெயில் பாதையைப் போடச் சர்க்கார் ஏராளமாகக் கடன் கொடுத்திருந்தது. அந்தப் பணம் எங்கே போயிற்று என்று பார்க்க அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு விசாரணைக் கமிஷனை நியமித்தது. கமிஷனர்கள் கணக்குகளைப் புரட்டினார்கள். காரணம் எழுதாத வவுச்சர்கள் பல அகப்பட்டன. "சட்டசபைகளில் காரியத்தைச் சாதித்துக்கொள்ள இந்தப் பணம் செலவாயிற்றா?" என்று ஸ்டான்போர்டைக் கேட்டார்கள். அவர் பதில் சொல்ல மறுத்துவிட்டார்.

கமிஷன் கோர்ட்டுக்குப் போயிற்று. "பதில் சொல்லும்படி உத்தரவு போடுங்கள்" என்று கேட்டது. நீதிபதி ஸ்டீபன் பீல்டு தலைமையில் அமர்ந்த கோர்ட்டு அதற்கு இணங்கவில்லை. ஒரு பிரஜையின் அந்தரங்க விவகாரங்களைத் துருவிப் பார்க்கும் கமிஷனுக்குக் கோர்ட்டு எடுபிடி வேலை செய்யாது என்பதே தீர்ப்பின் சாரம். ஸ்டான்போர்டு வாய் திறக்காமலே வீட்டுக்குப் போனார்.

வேடிக்கை என்னவென்றால், அதே 1887-ம் ஆண்டில்தான் அமெரிக்கக் காங்கிரஸ் மற்றொரு கமிஷனையும் படைத்தது. ராஜ்யம் விட்டு ராஜ்யம் செல்லும் ரெயில் போக்குவரத்தை மேற்பார்வை பார்க்கும் வர்த்தகக் கமிஷன் அது. இன்று அமெரிக்காவில் இருக்கும் ஒழுங்குமுறைக் கமிஷன்களுக்கெல்லாம் மூத்த அண்ணன் என்று அதைச் சொல்லலாம்.

அதை ஏன் படைத்தார்கள்? ரெயில் கம்பெனிகள் ஏழை விவசாயியிடம் முழுக் கட்டணம் வாங்கின. பெரிய வியாபாரிக்கு மட்டும் ரகசியமாகத் தள்ளுபடி கொடுத்தன. தூரத்து ஊருக்குக் குறைந்த கட்டணம், வழியில் இருக்கும் பக்கத்து ஊருக்கு அதிகக் கட்டணம் என்ற அக்கிரமமும் நடந்தது. இவையெல்லாம் வெளியே தெரியாது. கணக்குப் புஸ்தகத்தில்தான் தெரியும். புஸ்தகமோ முதலாளியின் பூட்டிய பெட்டியில்! பெட்டியைத் திறக்க வழியில்லாவிட்டால் அந்தச் சட்டம் ஏட்டுச் சுரைக்காய்தான்.

பிரிம்சன் மறுத்தார்

1892-ல் சோதனை வந்தது. இலினாய் ராஜ்யத்தில் ஒரு பெரிய எஃகுக் கம்பெனி இருந்தது. சில சின்னஞ்சிறு ரெயில் பாதைகளும் இருந்தன. பெயருக்குத்தான் அவை தனி ரெயில்கள், உண்மையில் எஃகுக் கம்பெனியே பின்னால் இருந்துகொண்டு மறைமுகமாகத் தள்ளுபடி பெறுகிறது என்று பேச்சு அடிபட்டது. கமிஷன் அந்த ரெயில்களின் மானேஜர் பிரிம்சனை அழைத்து, "இந்த ரெயில்களின் பங்குகள் எஃகுக் கம்பெனிக்குச் சொந்தமா?" என்று கேட்டது.

கேள்வி ஒரு வரிதான். பிரிம்சன் பதில் சொல்லவில்லை. புஸ்தகங்களும் வரவில்லை.

சிக்காகோ கோர்ட்டு பிரிம்சன் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனால் 1894-ல் சுப்ரீம் கோர்ட்டு அதை மாற்றியது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஜான் மார்ஷல் ஹார்லன். அவர் இரண்டு விஷயங்களைத் தெளிவாக்கினார்.

கமிஷன் தன் சம்மனை அமல்படுத்தும்படி கோர்ட்டைக் கேட்கலாம். கோர்ட்டு அதை விசாரித்துத்தான் ஆக வேண்டும். இது முதல் விஷயம். தன் சம்மனை மீறியவரைக் கமிஷனே தண்டிக்க முடியாது. அபராதமோ சிறையோ கோர்ட்டின் கையில்தான் இருக்கிறது. இது இரண்டாவது.

கேட்பவன் ஒருவன், கட்டாயப்படுத்துகிறவன் வேறொருவன். இந்த ஏற்பாடு இன்று வரை அப்படியே நிற்கிறது. பிரஜைக்கு இதுதான் பெரிய பாதுகாப்பு. சம்மன் அநியாயமானது என்று தோன்றினால், தண்டனை விழுவதற்கு முன்பே ஒரு நீதிபதியிடம் தன் கட்சியைச் சொல்லிக்கொள்ள அவனுக்குச் சந்தர்ப்பம் கிடைக்கிறது.

அதிமதுரமும் புகையிலையும்

"மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம்" என்பது நம் பழமொழி. குற்றம் செய்யாதவன் கணக்கைக் காட்டப் பயப்படுவானேன் என்று கேட்கலாம்.

ஆனால் அமெரிக்கர்கள் இதைச் சுலபமாக ஒப்புக்கொள்ளவில்லை. அந்த நாட்டு அரசியல் சட்டத்தின் 4-வது திருத்தம், நியாயமற்ற சோதனையிலிருந்து ஜனங்களின் வீட்டையும் காகிதங்களையும் காக்கிறது. 5-வது திருத்தமோ, ஒருவன் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. இந்த இரண்டு கேடயங்களையும் கம்பெனிகள் தூக்கிப் பிடித்தன.

1906-ல் ஒரு கேடயம் பறிபோயிற்று. புகையிலைக்கு மணமூட்ட அதிமதுரப் பாகு சேர்ப்பது வழக்கம். அதைத் தயாரித்த ஒரு கம்பெனியின் காரியதரிசி ஹேல், கிராண்டு ஜூரியின் முன் காகிதங்களைக் காட்ட மறுத்தார். சுப்ரீம் கோர்ட்டு சொன்னது: தானே தனக்கு எதிராகச் சாட்சி சொல்லாதிருக்கும் உரிமை மனிதனுக்கு உண்டு, கம்பெனிக்கு இல்லை. கம்பெனி என்பது சர்க்கார் கொடுத்த சாசனத்தினால் பிறந்த பிராணி. அதன் கணக்கைச் சர்க்கார் கேட்கலாம். ஆனால் அதே தீர்ப்பில், அளவில்லாமல் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வா என்று சொல்லும் சம்மன் செல்லாது என்றும் கோர்ட்டு எச்சரித்தது.

1924-ல் மீண்டும் புகையிலை! வியாபார நியாயங்களைக் கண்காணிக்கும் பெடரல் டிரேடு கமிஷன், இரண்டு பெரிய புகையிலைக் கம்பெனிகளைப் பார்த்து, 1921-ம் வருஷம் முழுவதும் மொத்த வியாபாரிகளோடு நடந்த கடிதங்கள், தந்திகள் அனைத்தையும் காட்டச் சொன்னது. நீதிபதி ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் மறுத்துவிட்டார். ஏதாவது குற்றம் அகப்படாதா என்ற நைப்பாசையில், பிறருடைய காகிதக் குளத்தில் வலை வீசி மீன் பிடிக்க எந்த அதிகாரிக்கும் காங்கிரஸ் உரிமை கொடுத்திருக்கும் என்று நம்ப முடியாது என்பது அவருடைய கருத்து.

அன்றிலிருந்து "மீன் பிடிக்க வருகிறார்கள்" என்பது அமெரிக்க வக்கீல்களின் நிரந்தரப் புகாராகிவிட்டது. சம்மன் வழக்கு எங்கே நடந்தாலும் இந்த மீன் வந்து துள்ளாமல் போவதில்லை.

செருப்பு, பத்திரிகை, உப்பு

காலம் மாறியது. 1930-களில் அமெரிக்காவில் பெரும் பஞ்சம். லட்சக் கணக்கில் வேலையில்லாத் திண்டாட்டம். தொழிலாளிக்குக் குறைந்தபட்சக் கூலி, பங்கு மார்க்கெட்டுக்குக் கட்டுப்பாடு என்று புதுப் புதுச் சட்டங்கள் பிறந்தன. அவற்றை நடத்தப் புதுப் புது இலாகாக்கள் வந்தன. ஒவ்வோர் இலாகாவுக்கும் சம்மன் அதிகாரம் தேவைப்பட்டது.

கூலிச் சட்டத்தையே எடுத்துக்கொள்வோம். முதலாளி குறைந்த கூலி கொடுத்தால் தொழிலாளி போய்ப் புகார் சொல்வானா? சொன்னால் வேலை போய்விடுமே! ஆகையால் சம்பளப் பட்டியலைப் பார்ப்பது ஒன்றே வழி.

எண்டிகாட் ஜான்சன் என்ற பெரிய செருப்புக் கம்பெனி சர்க்காருக்கு ஒப்பந்தப்படி சரக்குச் செய்து கொடுத்தது. சர்க்கார் ஒப்பந்தம் எடுத்தவர்கள் குறிப்பிட்ட கூலியைக் கொடுத்தாக வேண்டும் என்பது 1936-ம் வருஷத்துச் சட்டம். தொழில் மந்திரி பிரான்சிஸ் பெர்கின்ஸ் அம்மையார் சம்பளக் கணக்குக் கேட்டுச் சம்மன் அனுப்பினார். அமெரிக்க மந்திரி சபையில் இடம் பெற்ற முதல் பெண்மணி இவர்தான்.

"ஒப்பந்தத்தில் குறித்த ஆலைகளின் கணக்குத்தான் தருவோம். மற்ற ஆலைகளுக்கு இந்தச் சட்டமே பொருந்தாது, பொருந்தும் என்று முதலில் கோர்ட்டில் நிரூபியுங்கள்" என்று கம்பெனி வாதாடியது. 1943-ல் நீதிபதி ராபர்ட் ஜாக்சன் எழுதிய தீர்ப்பு அந்த வாதத்தைத் தள்ளியது. சட்டம் பொருந்துமா, பொருந்தாதா என்பதை முதலில் விசாரிக்க வேண்டியவர் மந்திரி. விசாரிப்பதற்கே காகிதம் வேண்டும். முடிவு தெரிந்த பிறகுதான் விசாரணை நடத்தலாம் என்றால் விசாரணை எதற்கு?

1946-ல் பத்திரிகைகளின் முறை வந்தது. ஒக்லஹோமாவைச் சேர்ந்த ஒரு பத்திரிகை ஸ்தாபனமும் மற்றவர்களும் கூலிக் கணக்கைக் காட்ட மறுத்துச் சுப்ரீம் கோர்ட்டு வரை போனார்கள். பத்திரிகைச் சுதந்திரம் பறிபோகிறது என்றார்கள். காரணமில்லாமல் சோதனை போடுகிறார்கள் என்றார்கள். நீதிபதி வைலி ரட்லெட்ஜ் எழுதிய தீர்ப்பின்படி, சம்மன் என்பது சோதனை அல்ல. அதிகாரி வீட்டுக்குள் நுழைவதில்லை, பீரோவை உடைப்பதில்லை. காகிதத்தைக் கேட்கிறார். குற்றம் நடந்திருக்கிறது என்று நம்ப முன்கூட்டியே ஆதாரம் காட்ட வேண்டியதும் இல்லை. விசாரணை சட்டம் அனுமதித்ததா, கேட்ட காகிதம் அதற்குச் சம்பந்தமுள்ளதா, அளவுக்கு மீறிக் கேட்காமல் இருக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

அந்த வழக்கில் நீதிபதி பிராங்க் மர்பி மட்டும் தனித்து நின்று மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். நீதிபதியல்லாத அதிகாரிகளின் கையில் இப்படி அதிகாரம் சேர்ந்துகொண்டே போனால், அது ஒரு நாள் பிரஜைகளின் சுதந்திரத்தையே கரைத்துவிடும் என்பது அவருடைய அச்சம். அந்த அச்சத்தைச் சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

பிறகு வந்தது உப்பு. உப்பு உற்பத்தியாளர்கள் கூடிப் பேசி விலையை நிர்ணயிக்கக் கூடாது என்று டிரேடு கமிஷன் 1941-ல் தடையுத்தரவு போட்டிருந்தது. அதற்குக் கீழ்ப்படிந்து நடக்கிறீர்களா என்று விவரமான அறிக்கை கொடுக்கும்படி 1947-ல் கேட்டது. மார்ட்டன் உப்புக் கம்பெனி மறுத்தது. இது சம்மன் அல்ல, அறிக்கை கேட்கும் உத்தரவுதான் என்றாலும், 1950-ல் வந்த தீர்ப்பு சம்மன்களுக்கெல்லாம் அளவுகோலாகிவிட்டது.

இதையும் எழுதியவர் ஜாக்சன்தான். இடையே நியூரம்பர்க் சென்று நாஜித் தலைவர்கள் மீது அமெரிக்காவின் சார்பில் வழக்கு நடத்திவிட்டுத் திரும்பியிருந்தார். அதிகாரம் அத்துமீறினால் என்ன ஆகும் என்பதை நேரில் கண்டவர். ஆயினும் அவர் தீர்ப்பு கமிஷன் பக்கமே சாய்ந்தது. சட்டம் மீறப்படுகிறது என்ற சந்தேகத்தின் பேரில் கமிஷன் விசாரிக்கலாம்; ஏன், சட்டம் மீறப்படவில்லை என்று உறுதி செய்துகொள்வதற்காகவும் விசாரிக்கலாம் என்றார். ஆனால் மூன்று நிபந்தனைகள்: விசாரணை கமிஷனின் அதிகார எல்லைக்குள் இருக்க வேண்டும், கேட்பது இன்னதென்று தெளிவாக இருக்க வேண்டும், கேட்கும் விவரம் விஷயத்துக்குச் சம்பந்தமுள்ளதாக இருக்க வேண்டும்.

தாத்தாவும் பேரனும்

1964-ல் வருமான வரி இலாகாவின் சம்மன் ஒன்று சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. ஒரு சலவைக் கம்பெனியின் 1958, 1959-ம் வருஷக் கணக்குகளை, சாதாரணக் கெடு கடந்த பிறகு மறுபடியும் பார்க்க வேண்டும் என்று இலாகா கேட்டது. கம்பெனித் தலைவர் பவல் மறுத்தார்.

தீர்ப்பு எழுதியவர் பெயரைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். ஜான் மார்ஷல் ஹார்லன்! 1894-ல் பிரிம்சன் வழக்கில் தீர்ப்பு எழுதியவரின் பேரன். தாத்தாவின் பெயரைக் கொண்டவர். 70 ஆண்டுகள் கழித்து, தாத்தா கட்டிய வீட்டுக்குப் பேரன் ஒரு மாடி கட்டினார்.

சம்மன் அமலாக வேண்டுமானால் இலாகா நான்கு விஷயங்களைக் காட்டினால் போதும் என்றார் பேரன். விசாரணையின் நோக்கம் நியாயமானதாக இருக்க வேண்டும். கேட்கும் காகிதம் அந்த நோக்கத்துக்குச் சம்பந்தமுள்ளதாக இருக்க வேண்டும். அது ஏற்கெனவே இலாகாவின் கையில் இருக்கக் கூடாது. சட்டம் சொன்ன நடைமுறைகளைப் பின்பற்றியிருக்க வேண்டும். ஒருவரைத் தொந்தரவு செய்வதற்காகவோ, வேறு தகராறில் பணிய வைப்பதற்காகவோ சம்மன் அனுப்பியிருந்தால் கோர்ட்டு அதற்குத் துணை போகாது.

சம்மன் எழுதுவது எப்படி?

இந்தத் தீர்ப்புகளை மனத்தில் வைத்துக்கொண்டுதான் கமிஷன் அதிகாரிகள் இன்று சம்மனை எழுதுகிறார்கள். எழுதும்போதே, "நாளை இது ஒரு நீதிபதியின் மேஜைக்குப் போகும்" என்ற நினைப்பு அவர்களுக்கு வேண்டும்.

முதலில் அதிகாரம். டிரேடு கமிஷனில், இன்ன விஷயத்தை விசாரிக்கலாம் என்று கமிஷனே தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். பிறகு சம்மனில் ஒரு கமிஷனர் கையெழுத்திட வேண்டும். பங்கு மார்க்கெட்டைக் கண்காணிக்கும் செக்யூரிட்டீஸ் கமிஷனிலோ, விசாரணைக்கு முறையான உத்தரவு பிறந்து, யார் யார் சம்மன் அனுப்பலாம் என்று அதில் பெயர் குறிக்க வேண்டும். சாதாரண குமாஸ்தா தம் இஷ்டத்துக்கு அனுப்பிவிட முடியாது.

அடுத்தது பட்டியல். சம்மனின் உயிர் இங்கேதான் இருக்கிறது. "உங்கள் வியாபாரம் சம்பந்தமான எல்லாக் காகிதங்களும்" என்று எழுதுவது சோம்பேறியின் வேலை. கோர்ட்டில் ஹோம்ஸின் மீன் துள்ளும். "2022 ஜனவரி முதல் 2023 டிசம்பர் வரை, இன்ன சரக்கின் விலையை நிர்ணயிப்பது குறித்து விற்பனை மானேஜர் எழுதிய, பெற்ற கடிதங்களும் மின்னஞ்சல்களும்" என்று எழுதினால் அது நிற்கும். காலம், சரக்கு, ஆள், விஷயம் நான்கும் அதில் இருக்கின்றன.

ஆனால் அளவு மீறிக் குறுக்கினாலும் ஆபத்து. "கடிதம்" என்று மட்டும் எழுதினால், "குறிப்புப் புஸ்தகத்தைக் கேட்கவில்லையே!" என்று எதிர்த் தரப்பு வக்கீல் சிரிப்பார். ஆகவே தஸ்தாவேஜு என்றால் என்ன, கம்பெனி என்றால் அதில் யார் யார் அடக்கம் என்றெல்லாம் சம்மனின் தலைப்பிலேயே விளக்கம் எழுதுவது வழக்கம். இன்று கணக்குகள் கம்ப்யூட்டரில் இருப்பதால், அவற்றை எந்த வடிவத்தில் கொடுக்க வேண்டும் என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது.

சம்மன் கைக்கு வந்ததும் கம்பெனியின் முதல் கடமை ஒன்று உண்டு. எதையும் கிழிக்கக் கூடாது, அழிக்கக் கூடாது. விசாரணைக்கு இடையூறு செய்யும் நோக்கத்தோடு தஸ்தாவேஜை அழித்தால் 20 ஆண்டு வரை சிறை என்று 2002-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. கணக்கைக் காட்ட மறுத்து வாதாடுவது உரிமை. கணக்கைக் கொளுத்துவது குற்றம்.

இரண்டாவது, பேச்சு வார்த்தை. பெரும்பாலான சம்மன்கள் கோர்ட்டுக்குப் போவதே இல்லை. கம்பெனி வக்கீலும் கமிஷன் வக்கீலும் உட்கார்ந்து பேசுகிறார்கள். "பத்து மானேஜர்களின் கடிதங்கள் வேண்டாம், நால்வருடையது போதும்", "முதல் தவணை இந்த மாதம், அடுத்தது அடுத்த மாதம்" என்று பேரம் படிகிறது. டிரேடு கமிஷனிடமே மனுப் போட்டுச் சம்மனை ரத்துச் செய்யவோ குறைக்கவோ கேட்கலாம்.

மூன்றாவது, வக்கீலோடு பேசிய ரகசியம். சட்ட ஆலோசனைக்காக வக்கீலுக்கு எழுதியதைக் காட்ட வேண்டியதில்லை. 1981-ல் அப்ஜான் என்ற மருந்துக் கம்பெனி வருமான வரி இலாகாவை எதிர்த்து இந்த உரிமையைச் சுப்ரீம் கோர்ட்டில் நிலைநாட்டியது. ஆனால் எந்தெந்தக் காகிதத்தை இப்படி நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று ஒரு பட்டியல் கொடுத்தாக வேண்டும்.

கோர்ட்டில் என்ன நடக்கும்?

பேச்சு முறிந்தால் கமிஷன் ஜில்லா கோர்ட்டில் மனுச் செய்கிறது. விசாரணை எதைப் பற்றியது, காகிதம் ஏன் தேவை என்று ஓர் அதிகாரி பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்கிறார். "ஏன் கொடுக்கக் கூடாது என்பதற்குக் காரணம் சொல்" என்று கோர்ட்டு கம்பெனிக்கு நோட்டீஸ் விடுகிறது.

இந்த வழக்கு நீண்ட சாட்சி விசாரணையாக நடப்பதில்லை. கம்பெனி குற்றவாளியா என்ற பேச்சே அங்கே எழாது. அதிகாரம், சம்பந்தம், தெளிவு, பளு ஆகியவை பற்றித்தான் வாதம். பளு என்றால், செலவு ஆகிறது என்று அழுதால் மட்டும் போதாது. தொழிலே நிலைகுலையும் என்று காட்ட வேண்டும் என்பது கோர்ட்டுகள் வகுத்த வழி.

நீதிபதி "கொடு" என்று உத்தரவு போட்டுவிட்டால் நிலைமை தலைகீழாகிவிடுகிறது. இனிமேல் மறுப்பது கமிஷனை மறுப்பதல்ல, கோர்ட்டை அவமதிப்பது! நாளுக்கு இவ்வளவு என்று அபராதம் ஏறலாம். சிறையும் கிடைக்கலாம். காகிதத்தைக் கொடுத்த அன்றே விடுதலை. சில சட்டங்களின்படி, காரணமின்றிச் சம்மனை மீறுவதே ஒரு குற்றம். ஆனால் அந்தத் தண்டனையையும் கோர்ட்டுதான் விதிக்க முடியும்.

கவரைக் கண்டதும் வக்கீலிடம் ஓடுவதன் காரணம் இதுதான். கமிஷனின் காகிதத்துக்குப் பின்னால் கோர்ட்டின் நிழல் இருக்கிறது.

மூன்றாம் மனிதர்

இதுவரை சொன்னதெல்லாம் தன் கணக்கைத் தானே காட்டும் கதை. உங்கள் கணக்கை மற்றவர் காட்டினால்?

பாங்கியில் நீங்கள் போட்ட பணத்தின் கணக்குப் பாங்கியின் தஸ்தாவேஜு. அதன் மீது உங்களுக்கு அரசியல் சட்டப் பாதுகாப்பு இல்லை என்று 1976-ல் அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. ஜனங்கள் திடுக்கிட்டார்கள். 1978-ல் காங்கிரஸ் ஒரு சட்டம் செய்தது. பெடரல் சர்க்கார் ஒருவருடைய பாங்கிக் கணக்கைச் சம்மன் மூலம் கேட்டால், பொதுவாக அவருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். அவர் கோர்ட்டில் ஆட்சேபிக்கலாம். ஆனால் தன்னைப் பற்றி வெளியாரிடம் செக்யூரிட்டீஸ் கமிஷன் விசாரிக்கும் ஒவ்வொரு தடவையும் தனக்குச் சொல்ல வேண்டும் என்று யாரும் உரிமை கொண்டாட முடியாது என 1984-ல் ஒரு தீர்ப்பு வந்தது.

2018-ல் கைத்தொலைபேசி விவகாரம். ஒருவர் 127 நாட்கள் எங்கெங்கே இருந்தார் என்பதை, சோதனை வாரண்டு இல்லாமலே போலீசார் டெலிபோன் கம்பெனிகளிடமிருந்து வாங்கினார்கள். 12,898 இடக் குறிப்புகள்! இது வெறும் வியாபாரக் காகிதம் அல்ல, ஒரு மனிதனின் வாழ்க்கை. இதற்குப் பொதுவாக வாரண்டு வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

2002-ல் அமெரிக்க நீதி இலாகா கணக்கெடுத்தபோது, இப்படிச் சம்மன் அனுப்பச் சர்க்கார் இலாகாக்களுக்கு அதிகாரம் தரும் சட்ட விதிகள் ஏறத்தாழ 335 இருந்தன. நீதிபதி மர்பி உயிரோடு இருந்திருந்தால் தலையை ஆட்டியிருப்பார்.

ஒரு தாயின் புகார்

ஆனாலும் மறுபக்கம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் கதை முழுமை பெறாது.

அரிசோனா ராஜ்யத்தில் மளிகைச் சாமான்களைக் கடைகளுக்கு அனுப்பும் ஒரு பெரிய கம்பெனியில் ஒரு பெண் எட்டு ஆண்டு வேலை பார்த்தாள். கனமான பெட்டிகளைத் தூக்கி, அடுக்கி, நகர்த்தும் வேலை. பிரசவ விடுப்பில் மூன்று மாதம் போய்விட்டுத் திரும்பி வந்தாள். உடல் பலப் பரீட்சை ஒன்றில் தேறினால்தான் மறுபடி வேலை என்றார்கள். மூன்று முறை முயன்றாள். மூன்று முறையும் தேறவில்லை. எட்டு ஆண்டு உழைத்தவள் வீட்டுக்கு அனுப்பப்பட்டாள்.

பெண் என்பதால் தனக்கு அநீதி நடந்தது என்று அவள் சம வேலை வாய்ப்புக் கமிஷனிடம் புகார் செய்தாள். பரீட்சை எழுதியவர்களின் பெயர், விலாசம், டெலிபோன் நம்பர் முதலியவற்றைக் கேட்டுக் கமிஷன் சம்மன் அனுப்பியது. ஆணா பெண்ணா, எத்தனை மார்க் என்ற விவரத்தைக் கம்பெனி கொடுத்தது. பெயரை மட்டும் கொடுக்கவில்லை.

பெயர் இல்லாமல் என்ன செய்வது? "உங்களுக்கும் இப்படி நடந்ததா?" என்று யாரிடம் போய்க் கேட்பது? மார்க் பேசாது; மனிதர்தான் பேசுவார்கள்.

ஜில்லா நீதிபதி பெயர்கள் தேவையில்லை என்றார். அப்பீல் கோர்ட்டு தேவை என்றது. 2017 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு, இத்தகைய விஷயத்தில் நேரில் விசாரித்த ஜில்லா நீதிபதியின் முடிவுக்கு அப்பீல் கோர்ட்டு மதிப்புக் கொடுத்தே பரிசீலிக்க வேண்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்பியது. அவ்வாறே மறுபடி பரிசீலித்த அப்பீல் கோர்ட்டு, அதே ஆண்டில், பெயர்கள் விசாரணைக்குச் சம்பந்தமுள்ளவைதான் என்று மீண்டும் சொன்னது.

ஒரு பெயர்ப் பட்டியலுக்காக இத்தனை கோர்ட்டுப் படிகள்! கமிஷனுக்குச் சம்மன் அதிகாரம் இல்லையென்றால், வேலையிழந்த அந்தப் பெண் தன்னந்தனியாக அந்தப் பட்டியலைப் பெற்றிருக்க முடியுமா? அதே சமயம், கோர்ட்டு என்ற காவல் இல்லையென்றால், நாளை வேறோர் அதிகாரி வேறொரு காரணத்துக்காக அதே ஜனங்களின் பெயர்களைக் கேட்கும்போது யார் தடுப்பார்கள்?

இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில்தான் அந்தக் காகிதம் நடமாடுகிறது. ஸ்டான்போர்டு வாய் திறக்காமல் போன காலம் மலையேறிவிட்டது. கேட்டதையெல்லாம் கொட்டித்தான் ஆக வேண்டும் என்ற நிலையும் வரவில்லை.

காலைத் தபாலில் வந்த கவர் காரியதரிசியின் மேஜை மேல் இருக்கிறது. அவர் அதைக் குப்பைக் கூடையில் போடவில்லை. டெலிபோனை எடுத்து வக்கீலைக் கூப்பிடுகிறார். அடுத்து, பேரேடுகள் இருக்கும் அறையைப் பூட்டி, சாவியைத் தம் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார். ஒரு காகிதமும் வெளியே போகக் கூடாது. ஒரு காகிதமும் கிழியக் கூடாது. காட்டுவதா, மறுப்பதா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்!